ட்ரயல் ரிசல்ட்டைத் திறப்பதற்கு முன் குழுவைத் தயார் செய்வது எப்படி

தமிழில் ‘முடிவு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆய்வில் வந்ததும் முடிவு, அதைப் பார்த்துவிட்டு நாம் எடுப்பதும் முடிவு. ஆய்வுக் குழுக்களில் நான் பார்த்த சண்டைகளில் பாதி இந்தச் சொல்லில்தான் தொடங்கியிருக்கிறது. “முடிவு வந்துடுச்சு” என்று டேட்டா மேனேஜர் சொன்னதும், இனி யோசிக்க ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார்கள். உண்மையில் வந்தது ஒரு எண்ணும், அந்த எண் எவ்வளவு தள்ளாடும் என்று காட்டும் ஓர் இடைவெளியும்தான். அதனால் இங்கே எண்ணை ரிசல்ட் என்றே சொல்லப்போகிறேன். முடிவு என்றால் மனிதர்கள் உட்கார்ந்து எடுப்பது மட்டும்.

சென்னையில் பொதுச் சுகாதார ஆய்வுகளில் புள்ளியியல் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குழுவில், வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து ஆலோசனை சொல்லும் ஒரு சிறிய திட்டத்தின் ரிசல்ட்டைத் திறந்தோம். காலை பத்தரைக்கு ஆரம்பித்த கூட்டம் மாலை நாலு வரை போனது. அழுத்தம் குறைந்திருந்தது, ஆனால் எதிர்பார்த்ததில் பாதிதான், இடைவெளியின் ஓரம் பூஜ்யத்தை லேசாக உரசிக்கொண்டிருந்தது. பிஐ சார், அதாவது தலைமை ஆய்வாளர், “டிரெண்ட் தெரியுதே” என்றார். நிதி கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்து வந்த மேடம் “பெண்களை மட்டும் பிரித்துப் பார்க்கலாமா?” என்றார். ஃபீல்டு சூப்பர்வைசர் அக்கா “ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு சார், நிறுத்தினா கேப்பாங்க” என்றார். நான் சாம்பிள் போதவில்லை என்று முனகினேன். யார் சொன்னதும் தப்பில்லை, ஆனால் நாலும் நாலு வேறு கேள்விக்கான பதில். கடைசியில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று எழுதிவிட்டு எழுந்தோம். களத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த மாதம் வேலை உண்டா என்ற சின்னக் கேள்விக்குக்கூட அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் சேர்ந்த எந்தக் குழுவிலும் ரிசல்ட் வருவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே இந்தத் தயாரிப்பை ஆரம்பித்துவிடுகிறேன். ட்ரயலை, அதாவது ஒரு சிகிச்சையோ திட்டமோ பலன் தருகிறதா என்று பிரிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை, திட்டமிடும்போதே செய்தால் இன்னும் நல்லது, ஆனால் நடைமுறையில் யாரும் அப்போது கேட்க மாட்டார்கள்.

முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

முதல் கூட்டத்தில் புள்ளியியல் பேசாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் இந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள்: இந்த ட்ரயல் முடிந்ததும், யார், எந்தத் தேதிக்குள், எந்த இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்? எளிதாகத் தெரியும், ஆனால் எழுத உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். ‘யார்’ என்ற இடத்திலேயே முட்டிக்கொள்ளும். திட்டத்தை இன்னொரு வட்டாரத்துக்கு விரிப்பதா என்பதை உங்கள் குழு முடிவு செய்ய முடியுமா, இல்லை அது மாநகராட்சியின் கையிலோ சுகாதாரத் துறையின் கையிலோ இருக்கிறதா? அவர்கள் கையில் இருந்தால், அவர்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கான தகவலை நீங்கள் சேகரிக்கிறீர்களா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு நம்மூரிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. சேத்துப்பட்டில் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அது 1956-இல் காசநோய் கீமோதெரபி மையம் என்ற பெயரில் தொடங்கியது. காசநோயாளியை ஒரு வருடம் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டு மருந்து கொடுப்பதும், அதே மருந்தை நெரிசலான வீட்டில் இருந்தபடியே சாப்பிடவைப்பதும் ஒன்றுதானா என்பதுதான் அவர்கள் எடுத்த கேள்வி. சீட்டுக் குலுக்கியது போல நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். 1959-இல் வெளியான ரிசல்ட்டில் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தந்திருந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் எந்த அரசும் அசைந்திருக்காது, ஏனென்றால் எந்த அதிகாரியும் அடுத்து கேட்பது “சரி, வீட்டில் இருந்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா?” என்பதுதான். அந்தக் குழு அதையும் கையோடு பார்த்துவைத்திருந்தது. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள், சிகிச்சை தொடங்கிய பிறகு நோயாளி வீட்டில் இருப்பதால் கூடுதல் ஆபத்து என்று சொல்லும்படி எதுவும் தென்படவில்லை. படுக்கைகளைச் சுற்றி நடந்த காசநோய்ச் சிகிச்சை உலகெங்கும் வீட்டுக்கு மாறியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு இதில் வியப்பு ரிசல்ட் அல்ல, முடிவெடுப்பவர் எங்கே தயங்குவார் என்பதை முன்கூட்டியே யோசித்து அளந்ததுதான்.

உங்கள் குழுவில் இதைச் செய்ய ஒரு சின்ன வழி: முடிவெடுக்கும் அதிகாரி போல ஒருவரை உட்காரவைத்து, “ரிசல்ட் நல்லாத்தான் இருக்கு, ஆனா…” என்று ஆரம்பித்துப் பத்து வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒவ்வொரு ‘ஆனா’வுக்கும் உங்களிடம் தகவல் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லாதவற்றில் ஒன்றிரண்டை இன்னும் சேகரிக்க நேரம் இருக்கும், செலவுக் கணக்கு பெரும்பாலும் அதில் ஒன்று.

எவ்வளவு இருந்தால் போதும்?

இதுதான் முழு வேலையிலும் கனமான பகுதி. அதனால் இதற்கு இரண்டு கூட்டம் ஒதுக்குங்கள்.

‘பலன் இருக்கிறதா?’ என்பது ஒரு கேள்வி. ‘இவ்வளவு செலவுக்கும் அலைச்சலுக்கும் ஈடாகும் அளவு பலன் இருக்கிறதா?’ என்பது வேறு. இரண்டாவதற்கு ஒரு எல்லைக்கோடு வேண்டும், அந்தக் கோட்டை ரிசல்ட் பார்ப்பதற்கு முன் போட வேண்டும். பார்த்த பிறகு போட்டால், அம்பு விழுந்த இடத்தில் வட்டம் வரைந்த கதைதான்.

கோட்டை எங்கே போடுவது என்பதைப் புள்ளியியல் ஆள் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் நான் சொல்ல மாட்டேன். சிகிச்சை தரும் மருத்துவர், வீடுவீடாக ஏறி இறங்கும் பணியாளர், பணம் போடுபவர், முடிந்தால் திட்டத்தில் பங்கேற்கும் மக்களில் இருவர், இவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்கும்போது எண்ணைப் புரியும்படி வையுங்கள். அதற்குப் பயிற்சியாக நான் எப்போதும் எடுப்பது சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பொது அறிவுரை, ஒன்றுக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய தொடர்ச்சியான ஆலோசனை, ஒன்றுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, இன்னொன்றுக்கு இரண்டும். மூன்று வருடத்தில் முதல் பிரிவில் 55.0 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. ஆலோசனைப் பிரிவில் 39.3, மாத்திரைப் பிரிவில் 40.5, இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5.

இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் குழுவையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 55.0-இலிருந்து 39.3 போனால் 15.7. நூறை 15.7-ஆல் வகுத்தால் 6.4. அதாவது ஆறேழு பேருக்கு மூன்று வருடம் ஆலோசனை சொன்னால் ஒருவருக்குச் சர்க்கரை வராமல் தடுக்கலாம். இதையே 15.7-ஐ 55-ஆல் வகுத்து ‘ஆபத்து கால்பங்குக்கு மேல் குறைந்தது’ என்றும் சொல்லலாம். ஒரே ரிசல்ட் இரண்டு மாதிரி காதில் விழுகிறது, இல்லையா? எந்த வடிவத்தில் உங்கள் கோட்டைப் போடப்போகிறீர்கள் என்பதைப் பேசி ஒன்றாக்குங்கள். என் விருப்பம் முதல் வடிவம், ஏனென்றால் ‘ஆறேழு பேர்’ என்றதும் ஃபீல்டு பணியாளர் மனதுக்குள் தன் தெருவை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: இரண்டும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதலாக என்ன கிடைத்தது? 39.3, 39.5. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆலோசனை தனியாகவும் நல்லது, மாத்திரை தனியாகவும் நல்லது, அதனால் இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு நல்லது என்று ரிசல்ட் வருவதற்கு முன் குழுவில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள் என்று கேட்டுப்பாருங்கள். பொதுவாகப் பாதிக் கைகள் உயரும்.

பட்டைத் தாள் பயிற்சி

பி-மதிப்பு (பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்) பற்றி வகுப்பு எடுத்து யாரையும் தயார்படுத்த முடியாது, எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அது பலனின் அளவையோ முக்கியத்துவத்தையோ சொல்லாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் அறிக்கை விட்டது. ஆனாலும் 0.05-க்குக் கீழே என்றால் ஸ்வீட் வாங்குகிறோம், மேலே என்றால் துக்க வீடு போல உட்காருகிறோம். அதனால் வகுப்புக்குப் பதில் கத்தரிக்கோல்.

ஒரு சார்ட் பேப்பரில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். நடுவில் பூஜ்யம். வலப்பக்கம் பலன், இடப்பக்கம் கேடு. ரத்த அழுத்தத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம், குறைந்தது 5 மி.மீ. குறைந்தால்தான் செலவுக்குத் தகும் என்று உங்கள் குழு கோடு போட்டிருக்கிறது. 5-இல் சிவப்பு மையால் ஒரு குத்துக்கோடு. இனி கலர்ப் பேப்பரில் ஐந்து பட்டை வெட்டுங்கள், ஒவ்வொன்றும் ஒரு நம்பக இடைவெளி, அதாவது ஆரம்பத்தில் சொன்ன அந்த எண் தள்ளாடும் இடைவெளி. எண்களெல்லாம் பயிற்சிக்காக நான் போட்டவை.

முதல் பட்டை 6-இலிருந்து 11 வரை. முழுக்கச் சிவப்புக் கோட்டுக்கு வலப்பக்கம், இதில் யாருக்கும் சண்டை இருக்காது, செய்யலாம். ஐந்தாவது பட்டை முழுக்கப் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் கிடக்கிறது, நிறுத்துங்கள். நடுவில் உள்ள மூன்றில்தான் குடும்பங்கள் பிரியும். 1-இலிருந்து 9 வரை ஒரு பட்டை: பலன் இருக்கிறது என்று தெரியும், போதுமான பலனா என்று தெரியாது. பி-மதிப்பு அழகாக இருக்கும், ஸ்வீட் வந்துவிடும், ஆனால் உங்கள் கோட்டின்படி கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. அடுத்தது இடப்பக்கம் 3-இல் தொடங்கி வலப்பக்கம் 8 வரை நீளும் பட்டை: எதுவுமே தெரியாது, ஆய்வு சிறியது. அதற்கடுத்தது இடப்பக்கம் 1-இலிருந்து வலப்பக்கம் 3 வரை.

இந்தக் கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். இரண்டுக்கும் பி-மதிப்பு 0.05-க்கு மேல்தான். இரண்டையும் அறிக்கையில் ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை’ என்று ஒரே வாக்கியத்தில்தான் எழுதுவோம். ஆனால் முதலாவது ‘தெரியவில்லை’ என்கிறது, இரண்டாவது ‘நன்றாகத் தெரியும், இது போதாது’ என்கிறது. அதன் வலது ஓரம்கூட 5-ஐத் தொடவில்லையே. இன்னும் ஆயிரம் பேரைச் சேர்த்து ஆய்வு செய்தாலும் அந்தப் பட்டை சிவப்புக் கோட்டைத் தாண்ட வாய்ப்பு ரொம்பக் குறைவு. அப்படியொரு ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு ‘மேலும் ஆய்வு தேவை’ என்று எழுதுவது காசைக் கரியாக்குவது. நேர்மையாகச் சொன்னால், எங்கள் பழைய கூட்டம் நாலு மணி வரை இழுத்ததற்குக் காரணம் எங்களிடம் சிவப்புக் கோடு இல்லை, அதனால் கையில் இருந்த பட்டை எந்த வகை என்று சொல்லவே முடியவில்லை.

ஒவ்வொரு பட்டைக்கும் என்ன செய்வோம் என்று அன்றைக்கே எழுதி, தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஐந்து வரிதான் வரும். 1-இலிருந்து 9 போல வந்தால் ஒரு வட்டாரத்தில் மட்டும் தொடர்ந்து கூடுதல் தகவல் சேர்ப்போம் என்பது மாதிரி நடுவழி முடிவுகளும் இருக்கலாம். இந்த ஐந்து வரித் தாள்தான் உங்கள் சொத்து.

கூடவே ஒரு விளையாட்டு. ரிசல்ட் என்னவாக வரும் என்று ஒவ்வொருவரும் ஒரு எண்ணை எழுதி கவரில் போட்டு ஒட்டிவைக்கட்டும். “எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்ல எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். கவரைப் பிரித்துப் படித்தால் அவர் அடுத்த ஆய்வில் கொஞ்சம் அடக்கமாக இருப்பார்.

மல்லி, முல்லை

ரிசல்ட்டுக்கு ஒரு மாதம் முன் ஒத்திகை. டேட்டா மேனேஜரிடம் சொல்லி, உண்மையான தரவில் யார் எந்தப் பிரிவு என்பதை மட்டும் கலைத்துப்போட்ட ஒரு போலி ரிசல்ட் தயாரிக்கச் சொல்லுங்கள். அட்டவணைகள், படங்கள் எல்லாம் அசல் போலவே இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ‘போலி’ என்று பெரிதாக அச்சடித்துவிடுங்கள். ஒரு முறை அடிக்காமல் விட்டு அந்தப் பக்கம் வாட்ஸ்ஆப்பில் சுற்றியதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. குழு அதைப் பார்த்து முழுதாக ஒரு முடிவு எடுத்துப் பழகட்டும். அந்த ஒத்திகையில்தான் ‘இந்த அட்டவணையில் பக்கவிளைவே இல்லையே’, ‘செலவுப் பக்கம் எங்கே’ போன்ற ஓட்டைகள் தெரியவரும்.

அசல் ரிசல்ட்டையும் முதலில் பெயர் மறைத்தே பாருங்கள். இரு பிரிவுகளுக்கும் மல்லி, முல்லை என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள், எது தலையீட்டுப் பிரிவு (நாம் சோதிக்கும் திட்டத்தையோ மருந்தையோ பெற்ற பிரிவு) என்று புள்ளியியல் ஆள் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. பிறகு குழு இரண்டு பத்தி எழுத வேண்டும்: மல்லி தலையீடாக இருந்தால் நாம் சொல்லப்போவது இது, முல்லையாக இருந்தால் இது. இரண்டும் எழுதி முடித்த பிறகுதான் உண்மைப் பெயர். தனக்குப் பிடித்த பதில் வந்தால் பலவீனங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதும், பிடிக்காதது வந்தால் மட்டும் ‘களத்தில் சரியாக அமல்படுத்தவில்லை’ என்று துருவுவதும் மனித சுபாவம்தான். எது எது என்று தெரியாதபோது அந்தச் சுபாவத்துக்குப் பிடி கிடைக்காது.

ராசிபலன் பார்க்காதீர்கள்

“பெண்களை மட்டும் பிரித்துப் பார்க்கலாமா?” என்று அந்த மேடம் கேட்டாரே, அது கெட்ட கேள்வி அல்ல, நேரம் கெட்ட கேள்வி. எந்தெந்த உட்பிரிவுகளைப் பார்ப்போம், ஏன் என்று முன்பே இரண்டு மூன்றை மட்டும் எழுதிவைத்திருந்தால் பார்க்கலாம். ரிசல்ட் பிடிக்கவில்லை என்று தேட ஆரம்பித்தால் ஏதாவது ஒன்று கிடைத்தே தீரும். இதை விளக்க 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வைச் சொல்லுங்கள், நம்மூரில் ஒரு ஆளும் மறக்க மாட்டார். மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்டு வந்த 17,187 பேரில் ஆஸ்பிரின் தெளிவாக உயிர் காத்தது. உட்பிரிவுப் பகுப்பாய்வு எவ்வளவு ஏமாற்றும் என்று காட்டுவதற்காகவே ஆய்வாளர்கள் பிறந்த ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் பலன் தராதது போல வந்தது! அவர்கள் பார்த்தது பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசி, நம்முடைய ஜென்ம ராசி அல்ல, ஆனால் நட்சத்திரம் வைத்துப் பிரித்திருந்தாலும் ஏதோ ஒரு நட்சத்திரம் மாட்டியிருக்கும்.

இதே வரிசையில் இன்னொரு பொறி, அளக்க எளிதானதை அளந்துவிட்டு அதுதான் பலன் என்று நம்புவது. காசநோய்ச் சிகிச்சையை ஆறு மாதத்திலிருந்து நாலு மாதமாகக் குறைக்க மாக்சிஃப்ளாக்சசினை வைத்து நடந்த ரீமாக்ஸ் ஆய்வில், புது மருந்து சேர்ந்த பிரிவுகளில் சளியிலிருந்து கிருமி சீக்கிரம் மறைந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். 2014-இல் முழு ரிசல்ட் வந்தபோது, நாலு மாதச் சிகிச்சை பலனில் ஆறு மாதச் சிகிச்சைக்குச் சளைத்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை, முக்கியக் காரணம் நோய் திரும்பியது. அதே வகை மருந்துகளை வைத்துத் தென்னிந்தியாவில் நடந்த நாலு மாதச் சிகிச்சை ஆய்வும் நோய் திரும்புவது அதிகம் என்று தெரிந்ததும் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பாதியில் பார்த்து நிறுத்தும் வேலையைத் தனிக் கண்காணிப்புக் குழு செய்யட்டும், உங்கள் ஆட்கள் இடையில் எட்டிப்பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை எட்டிப்பார்க்கும்போதும் தற்செயலை நிஜம் என்று நம்பும் வாய்ப்பு கூடும்.

யாரிடம் கேட்ட கேள்வி?

ரிசல்ட் சரி, கோடு சரி, பட்டையும் வலப்பக்கம். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி: ட்ரயல் பதில் சொன்னது யாரைப் பற்றி, நாம் முடிவெடுப்பது யாருக்காக? 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கம், பிசிஜி தடுப்பூசியை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வுகளில் ஒன்று. பதினைந்து வருடத் தொடர் கண்காணிப்பின் ரிசல்ட் 1999-இல் வெளியானது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. பூஜ்யம். அப்படியானால் பிசிஜியை நிறுத்தியிருக்க வேண்டாமா? இன்றும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ உங்கள் வீட்டருகே ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ பிறந்த குழந்தைக்கு அந்த ஊசி போடுகிறார்கள். காரணம், சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் மாதிரியான கடுமையான காசநோயை அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் ஆதாரம் இருக்கிறது. செங்கல்பட்டு ஆய்வு பதில் சொன்னது வேறு கேள்விக்கு. தன் ட்ரயலை மட்டுமே வைத்து முடிவெடுக்கும் குழு இங்கே குழந்தைகளை அம்போவென்று விட்டிருக்கும்.

சர்க்கரை நோயைத் தடுக்கக் குறுஞ்செய்தி அனுப்பிய ஆய்வும் அப்படித்தான். 2013-இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு வருடத்தில் குறுஞ்செய்தி பெறாத பிரிவில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, பெற்ற பிரிவில் 18தான், பிரமாதம். ஆனால் பங்கேற்ற 537 பேரும் வேலைக்குப் போகும் ஆண்கள். வீட்டில் ஒரே போன், அது கணவர் சட்டைப் பையில் இருக்கும் வியாசர்பாடி அக்காவுக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிப்போட முடியுமா? முடியாது என்றும் சொல்லவில்லை, யோசிக்காமல் முடியாது என்கிறேன்.

தலையீட்டையும் இதே போலப் பாருங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், காசநோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் அரிசி பருப்பு கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அருமை. ஆனால் சோதிக்கப்பட்டது மூட்டையாக வீட்டுக்கு வந்த உணவு. உங்கள் கூட்டத்தில் யாராவது “அந்தக் காசை அக்கவுண்டில் போட்டுவிடலாமே, சுலபம்” என்றால், அது வேறு தலையீடு, அதற்கு இந்த எண் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.

காணாமல் போனவர்கள்

சென்னையில் ஃபாலோ-அப் செய்தவர்களுக்கு, அதாவது பங்கேற்பாளர்களை மறுபடி மறுபடி தேடிப்போய்ப் பார்த்தவர்களுக்கு, தெரியும், ஆடி முழுக்க யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆவணி பிறந்ததும் பாதித் தெரு காலி. டிசம்பரில் மழை. 2023 மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் நாள் கணக்கில் தண்ணீர். இதற்கு மேல் நகரத்துக் குடிசைப் பகுதியிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள். போனவர்கள் இரண்டு பிரிவிலும் ஒரே அளவு போனார்களா, ஒரே காரணத்துக்காகப் போனார்களா என்பதை ரிசல்ட்டுக்கு முன் பாருங்கள். அப்புறம் ஒரு முரட்டுக் கணக்கு: தலையீட்டுப் பிரிவில் காணாமல் போன எல்லோருக்கும் பலன் இல்லை, மறு பிரிவில் போன எல்லோருக்கும் சரியாகிவிட்டது என்று வைத்துப்பாருங்கள். அப்போதும் உங்கள் ஐந்து வரித் தாளில் அதே வரிதான் வருகிறது என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். வரி மாறினால் எவ்வளவு மாறினால் கவலைப்படுவீர்கள் என்பதையும் முன்பே பேசிவையுங்கள். ‘ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்களை மட்டும் எண்ணலாம்’ என்று யாராவது ஆரம்பித்தால், ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் எல்லாவற்றிலும் ஒழுங்காக இருப்பவர்கள் என்பதை நினைவுபடுத்துங்கள்.

அந்த நாள்

கூட்டத்தைக் காலையில் வையுங்கள், இரண்டரை மணி நேரம் போதும். முதல் அரை மணி நேரம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், தலையீடு உண்மையில் வீடு போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும். இங்கே ஃபீல்டு ஆட்கள் பேசட்டும். பதிவேட்டில் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று டிக் இருக்கும், வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்ததும் அதே டிக்தான், அது அவர்களுக்கு மட்டுமே தெரியும். அதற்காக அவர்களைத் திட்டினால் அடுத்த முறை அதுவும் தெரியவராது.

அடுத்து மல்லி, முல்லை. எண்கள் திரையில் வந்ததும் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, அதில் இந்தப் பட்டை எந்த வகை, எந்த வரி பொருந்தும் என்று எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். நம் ஆபீஸ்களில் சார் வாயைத் திறந்துவிட்டால் அதோடு சரி, அதன் பிறகு வருவதெல்லாம் “சார் சொன்ன மாதிரி” என்றுதான் ஆரம்பிக்கும். சீட்டுகளைப் படித்த பிறகும் வயதில் சின்னவர்கள் முதலில் பேசட்டும், பிஐ கடைசி. இதற்கு பிஐயிடம் முன்கூட்டியே தனியாகச் சம்மதம் வாங்கிவிடுங்கள், எல்லோர் முன்னிலும் கேட்டால் மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் சங்கடப்படுவார். ஒருவரை எதிர்க்கட்சித் தலைவராக நியமியுங்கள், அவர் வேலை எந்தப் பக்கம் கூட்டம் சாய்ந்தாலும் எதிர்ப்பக்கம் வாதாடுவது. பதவி என்பதால் யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு பெயரைத் திறந்து, ஐந்து வரித் தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். தாளில் உள்ளதுதான் முடிவு. மாற்றலாமா? மாற்றலாம், தாள் ஒன்றும் கல்வெட்டு இல்லை. ஆனால் எதை, ஏன் மாற்றினோம், ரிசல்ட்டைப் பார்த்த பிறகு மாற்றினோம் என்ற மூன்றையும் அதே தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பின்பக்கம் நிரம்பி வழிந்தால் அடுத்த ஆய்வுக்கு முன்பக்கத்தை இன்னும் யோசித்து எழுதுவீர்கள்.

களப்பணியாளர்களின் வேலை என்ன ஆகும் என்பதை அன்று மாலைக்குள் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பங்கேற்ற மக்களுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, எண்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம், அதே தெருவில் போய் நின்று வாய்விட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரவாயில்லை, தண்ணி லாரி வரும் நேரத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.